செம்பு சொன்ன பொய்

காந்தத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருப்பதை முத்துமீனா அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாள்.

"கும்பிட்டுக்கிடவா அக்கா?" என்றான் கருத்தக்கண்ணன். "நம்ம கேஸுல இனி சாமி ஒண்ணைத்தான் விசாரிக்கல."

அவன் சொன்னது தப்பில்லை. நாலு நாளாக அலைந்தும் கையில் ஒன்றும் சிக்கவில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணைக் கமிட்டி உட்காருகிறது. அதன்பிறகு ரோகிணி என்கிற ஆராய்ச்சி மாணவியின் ஐந்து வருடப் படிப்பு குப்பைக்குப் போகும். கூடவே 'அளவுகளைத் திருத்தியவள்' என்ற பெயரும் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெயரோடு எந்தக் கல்லூரி வாசலையும் மிதிக்க முடியாது.

முத்துமீனா இருபத்திரண்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள். இப்போது காளவாசலில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம். கருத்தக்கண்ணன் அவளுடைய ஒரே உதவியாளன். அவனுடைய மூளை வேலை செய்யாத நேரத்திலும் வாய் வேலை செய்யும்.

இந்த வழக்கைக் கொண்டுவந்தவர் அந்தக் காந்தம் இருந்த ஆய்வகத்தின் அட்டெண்டர். பெயர் வெள்ளைத்துரை. தேனி ரோட்டில் இருக்கும் அந்தக் கல்லூரியின் இயற்பியல் துறையில் பத்தொன்பது வருடமாகத் தற்காலிக ஊழியர். மாடி ஏறி வந்த அன்றைக்கு அவர் முதலில் நீட்டியது லேமினேஷன் போட்ட ஒரு தாள். ரோகிணி எழுதி, வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்த கட்டுரையின் கடைசிப் பக்கம். அதில் நன்றி சொல்லும் இடத்தில் ஆங்கிலத்தில் அவர் பெயர் அச்சாகியிருந்தது. காந்தத்தை நல்ல நிலையில் வைத்திருந்ததற்காக.

"அந்தப் புள்ள பொய்க் கணக்கு எழுதாது மேடம்," என்றார் அன்று. "யாரோ மாட்டி விட்டிருக்காக. யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க."

கமிட்டியின் கையில் இருந்த ஆதாரம் ஒன்றே ஒன்று. ரோகிணியின் அளவுக் குறிப்பேட்டில் ஜனவரி மாதத்தில் இரண்டு தாள்கள் கிழிக்கப்பட்டிருந்தன. அதைக் கண்டுபிடித்தவர் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் சிவபாண்டி. ஆய்வகத்தின் பக்கமே இரண்டு வருடமாக வராத அவர், தன் பெயரும் சேர்ந்து வந்த கட்டுரை திரும்பப் பெறப்பட்டதும் வேகமாக வந்து நோட்டைப் புரட்டியிருந்தார்.

மாட்டி விட்ட ஆள் யாரென்று தெரியவில்லை; ஊருக்குப் போய்விட்ட ரோகிணியும் போனை எடுக்கவில்லை. அதனால் முத்துமீனா இன்றைக்கு ஆளைத் தேடுவதை விட்டுவிட்டுக் கருவியைப் பார்க்க வந்திருந்தாள்.

"அந்தப் பொண்ணு இங்க என்னதான் அளந்துச்சு? எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க அண்ணே."

வெள்ளைத்துரை தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். பத்தொன்பது வருடமாகச் சுவரோரம் நின்று ஒரே பாடத்தைக் கேட்டவர் அவர்.

"மேலூர் பஸ்ஸை நினைச்சுக்கங்க மேடம். முன்வாசல்ல ஏறின சனம் பின்வாசலைப் பார்த்து நகருது. அதுதான் கரண்டு. இப்ப எல்லாரையும் ஒரே பக்கமா ஒருத்தன் நெருக்குறான். அவன்தான் காந்தம். வலது பக்கம் கூட்டம் நசுங்கும், இடது பக்கம் காத்தாடும். அந்த ரெண்டு ஓரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மீட்டர் வச்சு அளந்தா, ஹால் வோல்டேஜுன்னு பேரு."

"அந்த மீட்டர் எங்க ஏரியா பஸ்ஸுக்கு ஒண்ணு வேணும்ணே," என்றான் கருத்தக்கண்ணன்.

வெள்ளைத்துரை சிரிக்காமல் தொடர்ந்தார். செம்புக்குள் ஓடுவது மைனஸ் மின்சாரம் கொண்ட எலெக்ட்ரான்கள். அதனால் நெருக்கப்படும் ஓரம் மைனஸ் காட்டும். சில உலோகங்களில் இது தலைகீழ். ஆட்கள் பின்னால் நகர்ந்தால் காலி சீட்டு முன்னால் நகர்வது போலத் தெரியுமே, அதுபோல அங்கே காலி இடம்தான் ஓடுகிற மாதிரி இருக்கும். மீட்டர் ப்ளஸ் காட்டும். செம்பு அப்படி இல்லை. ஆனால் ரோகிணி செம்பை ஆவியாக்கிக் கண்ணாடி மேல் படிய வைத்து ஒரு படலம் செய்தாள். மூன்று வருடம் அதற்கே போயிற்று. போன அக்டோபரில் அதை இந்தக் காந்தத்துக்கு நடுவில் வைத்து அளந்தபோது ப்ளஸ் வந்தது. கட்டுரை டிசம்பரில் வந்தது. சொந்த ஊரான பேரையூர் பஸ் ஸ்டாண்டில் அவள் படம் போட்டு பிளக்ஸ் கட்டினார்கள். ஜனவரியில் வேறொரு ஊர் ஆய்வகம் அதே படலத்தைச் செய்து பார்த்தது. மைனஸ்தான் வந்தது.

"எம்புட்டு வோல்ட்டு வரும்?"

"ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்கு போடுங்க. அதுல ஒண்ணோ ரெண்டோ. மூச்சு விட்டாக்கூட முள்ளு ஆடும் மேடம். அதான் இதை இம்புட்டுச் சுத்தமா வச்சிருக்கேன்."

உண்மைதான். அரை ஆள் உயரத்தில், இரண்டு பெரிய செம்புக் கம்பிச் சுருள்களோடு நின்ற அந்தப் பழைய மின்காந்தத்தில் ஒரு தூசி இல்லை. போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் மட்டும் காய்ந்து வெடித்திருந்தது. அதை அடுத்த பூஜை வரைக்கும் அழிக்க மாட்டாராம்.

சாதாரணச் செம்பையும் அவள் அளந்தாளா என்று முத்துமீனா கேட்டாள். ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது வேண்டுமே. வெள்ளைத்துரை பூட்டிய அலமாரியைத் திறந்து, வெல்வெட் துணியில் சுற்றிய ஒரு சின்னச் செம்புத் தகட்டைக் காட்டினார். பூஜைக்கு முந்தின வாரம் அதை வாங்கிக்கொண்டு போய் அளந்தாள். மைனஸ் வந்தது, பாடப்புத்தகத்தில் இருப்பது போலவே. பூஜை லீவு முடிந்து வந்துதான் படலத்தை அளந்தாள்.

"அதுக்கப்புறம் தகட்டை வாங்கவே இல்லையா?"

"பொங்கல் முடிஞ்சு ஒருக்கா கேட்டு வாங்கிட்டுப் போச்சு. சாயங்காலம் திருப்பித் தரையில மூஞ்சியே சரியில்ல. காய்ச்சலா பாப்பான்னு கேட்டேன். ஒண்ணுமில்லண்ணேன்னுச்சு."

முத்துமீனா காந்தத்தின் பக்கம் குனிந்தாள். கரண்டு கொடுக்கும் பெட்டியிலிருந்து காந்தச் சுருளுக்கு இரண்டு வயர்கள் போயின. தடிமனான புது வயர்கள். இரண்டும் சிவப்பு. சுருளில் வயர் மாட்டியிருந்த திருகின் விளிம்பில் மஞ்சளாக ஏதோ பிதுங்கியிருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தாள். சந்தனம்.

"பொட்டு வயருக்கு மேல இல்ல," என்றாள். "அடியில இருக்கு."

வெள்ளைத்துரைக்குப் பெருமை தாங்கவில்லை. பூஜை அன்றைக்குப் பழைய வயர்களை அவரேதான் கழற்றினார். திருகுகளை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தார், பொட்டு வைத்தார், புது வயர் மாட்டினார். எல்லாம் ஒரு ஆளாக.

"பழசு என்ன கலர்?"

"ஒண்ணு சிவப்பு, ஒண்ணு கறுப்பு. கறுப்பை வாசல்ல வாழைக்கன்னு கட்ட எடுத்துக்கிட்டேன். இன்னமும் கேட்டுலதான் கெடக்கும்."

அதைப் போய் எடுத்து வர முடியுமா என்று கேட்டாள் முத்துமீனா. அப்படியே மூன்று டீயும். அவர் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டுக் கருத்தக்கண்ணனிடம் கை நீட்டினாள்.

"அந்தச் சாவிக்கொத்தைக் குடு."

அவனுடைய சாவிக்கொத்தில் ஒரு குட்டித் திசைகாட்டி தொங்கியது. வாஸ்து பார்ப்பதற்கென்று காளவாசல் பிளாட்பாரத்தில் வாங்கியது.

காந்தத்தின் ஒரு முனையில் எந்தக் காலத்துப் பேராசிரியரோ வெள்ளைப் பெயிண்டில் 'வடக்கு' என்று எழுதி வைத்திருந்தார். முத்துமீனா அந்த முனைக்கு எதிரே, ஒரு முழம் தள்ளி, மேஜை மேல் திசைகாட்டியை வைத்தாள். ஸ்விட்சைப் போட்டாள். காந்தம் மெல்ல உறுமியது.

வடக்கும் வடக்கும் ஒன்றையொன்று தள்ளும். முள்ளில் வடக்கைக் காட்டும் சிவப்பு நுனி அந்த முனையை விட்டு விலகி ஓட வேண்டும். அது பாதி சுற்றிவந்து, 'வடக்கு' என்ற எழுத்தை நேராகச் சுட்டிக்கொண்டு நின்றது.

"இது வடக்கு இல்ல," என்றான் கருத்தக்கண்ணன். முதல் தடவையாக அவன் குரலில் விளையாட்டு இல்லை. "வயரு மாறிக் கெடக்கு."

"ஆயுத பூஜையில இருந்து மாறிக் கெடக்கு. காந்தம் எதிர்ப்பக்கம் நெருக்கியிருக்கு. மைனஸ் வரவேண்டிய இடத்துல ப்ளஸ் வந்திருக்கு. தகட்டை பூஜைக்கு முன்னால அளந்தா, படலத்தை பூஜைக்குப் பின்னால அளந்தா. அவ செஞ்ச படலத்துல ஒரு அதிசயமும் இல்ல. அது வெறும் செம்பு."

"அப்ப அந்தப் பொண்ணு திருத்தல. தப்பிச்சிரும்லக்கா?"

முத்துமீனா ஸ்விட்சை அணைத்தாள். ஏற்கனவே அளந்து முடித்த தகட்டை எதற்காகப் பொங்கலுக்குப் பிறகு இன்னொரு தரம் வாங்கினாள் என்பதுதான் அவளைக் குடைந்தது. வெள்ளைத்துரை டீயோடும், முடிச்சுப் போட்ட கறுப்பு வயரோடும் வந்தபோது இருவரும் கிளம்பத் தயாராக நின்றார்கள். அவசரத்தில் திசைகாட்டி மேஜையிலேயே கிடந்தது.

"நல்ல சேதிதானே மேடம்?" என்று கேட்டார் அவர்.

சாயங்காலம் சொல்வதாகச் சொன்னாள்.

ரோகிணியைப் பார்க்க ஏறிய பேரையூர் பஸ்ஸில் நல்ல கூட்டம். திருமங்கலம் தாண்டிய ஒரு வளைவில் நின்றவர்கள் மொத்தமும் வலது பக்கம் சாய, ஒரு கூடைக்காரம்மாவின் தக்காளிக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டான் கருத்தக்கண்ணன். "என்னை அளந்து பாருங்கக்கா, நான் எத்தனை வோல்ட்டு," என்றான். முத்துமீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே மழை பார்க்காத பருத்திக் காடுகள் வெடித்துக் கிடந்தன.

தாலுகா ஆபீசுக்கு எதிரே அண்ணனின் ஜெராக்ஸ் கடையில் இருந்தாள் ரோகிணி. யாருடைய பட்டாவையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டில் பிளக்ஸ் கிழிந்துபோய் வெறும் மரச்சட்டம் நின்றதை வரும்போதே பார்த்திருந்தார்கள்.

முத்துமீனா தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு ஒரே கேள்வி கேட்டாள்.

"செம்புத் தகட்டை ரெண்டாந்தரம் எதுக்கு வாங்கினம்மா?"

ஜெராக்ஸ் மெஷினின் வெளிச்சம் ஒருமுறை ஓடி நின்றது. ரோகிணி நகலை எடுத்து, ஓரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, வெளியே நின்ற பெரியவரிடம் கொடுத்து அனுப்பினாள்.

"வயரைப் பார்த்துட்டீங்களா?" என்றாள்.

பிறகு அவளே சொன்னாள். அந்த இன்னொரு ஆய்வகத்தின் மெயில் வந்த மறுநாள் பழைய தகட்டை வாங்கிப்போய் அளந்தாள். சாதாரணச் செம்பு. ப்ளஸ் காட்டியது. பன்னிரண்டு தரம் அளந்தாள், பன்னிரண்டு தரமும் ப்ளஸ். ஒவ்வொரு தரமும் நோட்டில் எழுதினாள். அப்புறம்தான் பெட்டியிலிருந்து ஒரு சிவப்பு வயரின் மேல் விரலை வைத்து, சுருள் வரைக்கும் நகர்த்திக்கொண்டே போனாள். போய்ச் சேர்ந்த இடம் தப்பான திருகு.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. வயரு மாறினதுக்கு நீ என்ன செய்வ?"

"மறுநாள் சொல்லிரலாம்னுதான் வீட்டுக்குக் கிளம்பினேன். பஸ்ஸை விட்டு இறங்கினா எம் படம். பக்கத்துல 'உலகமே வியக்கும்'னு எழுதியிருந்துச்சு. ஒரு வாரம் கழிச்சுச் சொல்லுவோம்னு நினைச்சேன். ஒரு வாரத்துக்குத்தான் அந்த ரெண்டு தாளைக் கிழிச்சேன்."

கருத்தக்கண்ணன் பஸ் ஸ்டாண்டு இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான்.

தாள்கள் எங்கே என்று கேட்டாள் முத்துமீனா. அடுப்பில் போட்டுவிட்டதாகச் சொன்னாள் ரோகிணி. அடுத்த வாரமே பத்திரிகை கட்டுரையைத் திரும்பப் பெற்றது. சிவபாண்டி நோட்டைப் புரட்டினார்.

"வயரு மாறினது தப்பு, அதைச் செஞ்சது நானில்ல," என்றாள். "தாளைக் கிழிச்சது பொய். அதுக்கு வேற ஆள் கிடையாது."

நாளைக்கு இதையே கமிட்டியில் சொல்லும்படி முத்துமீனா மன்றாடிப் பார்த்தாள். ரோகிணி அதையும் யோசித்து முடித்திருந்தாள். வயரைச் சொன்னாலும் கிழித்தது கிழித்ததுதான். அவளை எப்படியும் அனுப்பிவிடுவார்கள். கூடவே வெள்ளைத்துரையையும் அனுப்புவார்கள். தற்காலிக ஊழியரை அனுப்ப ஒரு கடிதம்கூட வேண்டாம். சொல்லாவிட்டால் போவது ஒரு ஆள். அளவுகளைத் திருத்தியது நானே என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தாள்.

"அவருக்கு மட்டும் தெரிய வேணாங்க்கா. காந்தத்தை நல்லா வச்சிருந்தாருன்னு அவர் பேரைப் போட்டது நான். அதைப் போற வாற ஆள்கிட்டயெல்லாம் காட்டுறாரு."

அடுத்து ஒரு பெண் ஆதார் கார்டை நீட்டினாள். ரோகிணி மூடியைத் திறந்து கார்டைக் கவிழ்த்து வைத்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. முத்துமீனா இரண்டு பொய்களைத் தயார் செய்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள்.

ஐந்து மணிக்கு அவர்கள் ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது தரை கழுவிவிட்டிருந்தது. காந்தம் உறுமிக்கொண்டிருந்தது. கமிட்டி நாளைக்கு இங்கேயும் வரும், கருவியை ஓட்டிப் பார்த்துத் தயாராக வை என்று சிவபாண்டி சார் சொல்லிவிட்டுப் போனாராம். லேமினேஷன் தாள் மீட்டருக்குப் பக்கத்தில், வருகிறவர்களின் கண்ணில் படுகிற மாதிரி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

கிழித்தது யாரென்று கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொன்னாள் முத்துமீனா. வேலையில் சேர்ந்த நாள் முதலாக அவள் ஒரு வாடிக்கையாளரிடம் அப்படிச் சொன்னதில்லை.

வெள்ளைத்துரையும் ஒன்று யோசித்து வைத்திருந்தார்.

"நாந்தான் கிழிச்சேன்னு சொல்லிப்புடுறேன் மேடம். பூஜைக்குப் பொரி கட்டக் காயிதம் இல்ல, பழைய நோட்டுன்னு நினைச்சுக் கிழிச்சுட்டேன்னு. என்னைத் திட்டுவாக. போகச் சொல்லுவாக. போறேன். அந்தப் புள்ளை பேரு நல்லபடியா நிக்கும்ல."

"பூஜை அக்டோபர்ல அண்ணே. தாள்ல இருந்தது ஜனவரி அளவு."

அவர் முகம் சுருங்கிவிட்டது. பொங்கலுக்குப் பொரி கட்ட மாட்டார்களே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வேறு பொய்க்காக அவர் கண்கள் மேஜையைத் தேடின. தேடிய கண்கள் திசைகாட்டியில் நின்றன.

"இதை மறந்து வச்சிட்டுப் போயிட்டீக," என்றார். எடுக்கக் கை நீட்டியவர் எடுக்கவில்லை. "இந்த முள்ளு ஏன் அங்கிட்டுப் பார்க்குது?"

முத்துமீனா தயாரித்து வந்த பொய்களில் இதற்கு ஒன்றும் இல்லை.

"பிளாட்பாரத்து வாஸ்து சாமான்ணே," என்றான் கருத்தக்கண்ணன் அவசரமாக. "இதை நம்பித்தான் எங்க ஹவுஸ் ஓனரு அடுப்படியையே இடிச்சாரு. இது என்னைக்கு ஒழுங்கா காட்டுச்சு."

வெள்ளைத்துரை ஸ்விட்சை அணைத்தார். உறுமல் ஓய்ந்தது. முள் தயங்கித் தயங்கித் திரும்பி, நிஜமான வடக்கில் போய் நின்றது. மறுபடி போட்டார். முள் சுழன்றுவந்து வெள்ளைப் பெயிண்டைச் சுட்டியது. மறுபடி அணைத்தார்.

பிறகு கரண்டு பெட்டியில் ஒரு சிவப்பு வயரின் மேல் விரலை வைத்தார். மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். சுருளில், சந்தனம் பிதுங்கிய திருகில் விரல் நின்றது.

கேட்டிலிருந்து அவர் அவிழ்த்து வந்த கறுப்பு வயர், வாழைக்கன்றின் முடிச்சோடு, காலையில் வைத்த இடத்திலேயே கிடந்தது. அதை எடுத்து முடிச்சை அவிழ்த்தார். இரண்டு கையாலும் நீவி நேராக்கினார்.

"இது நல்லாத்தான் மேடம் இருந்துச்சு," என்றார். "பூஜை நாளும் அதுவுமா கறுப்பு வேணாமேன்னு…"